சிவப்புக் கோடு போட்ட சீன வண்டி

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த வருடம் நான் ஒரு சீன மோட்டார் சைக்கிள் வாங்கினேன். இரண்டையும் சேர்த்துக் கேட்ட உறவினர்கள் எல்லோரும் என்னைத்தான் பரிதாபமாகப் பார்த்தார்கள். வீட்டில் இப்படி ஒரு கஷ்டம் நடக்கும்போது முப்பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு மோட்டார் சைக்கிள் ஆசை எதற்கு என்று என் அத்தை போனிலேயே கேட்டுவிட்டார்.

ஆசையால் வாங்கவில்லை. மருத்துவமனையிலிருந்து அம்மாவை நேராக வீட்டுக்குக் கூட்டிவர முடியவில்லை. இடது கையும் காலும் விளங்கவில்லை, பேச்சு குழறியது. அடையாற்றில் தங்கிப் பயிற்சி பெறும் ஓர் இல்லத்தில் சேர்த்தோம். நாலைந்து மாதம் ஆகும் என்றார்கள். அப்பாவுக்கு எழுபத்தொரு வயது. தினமும் காலையில் போய் மாலை வரை அம்மாவோடு இருப்பேன் என்பதில் பிடிவாதமாக இருந்தார். மந்தைவெளியிலிருந்து பஸ்ஸில்தான் போய்வந்தார். இரண்டாவது வாரம் பஸ் படியில் கால் தவறி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தார். எனக்குச் சொல்லவில்லை. வேட்டியில் ரத்தக் கறையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எனக்குக் கோடம்பாக்கத்தில் வேலை. இந்தித் தொடர்களுக்குத் தமிழில் வசனம் எழுதுவேன், உதட்டசைவுக்குப் பொருந்தும்படி. காலையில் அப்பாவை அடையாற்றில் விட்டுவிட்டு, கோட்டூர்புரம் வழியாக வேலைக்குப் போய், மாலை திரும்ப அழைத்து வரலாம் என்று கணக்குப் போட்டேன். தி. நகரில் ஒரு ஷோரூம் மூடப்போவதாகக் கேள்விப்பட்டேன். பாகங்களைச் சீனாவிலிருந்து கொண்டுவந்து இங்கே பூட்டி விற்ற வண்டிகள். நல்ல ஸ்கூட்டர் விலையில் பாதிக்கும் குறைவு. கல்லூரிக் காலத்தில் தோழியின் அண்ணன் வண்டியில் கியர் பழகியிருந்தேன். நீல வண்டி ஒன்று ஓரமாக நின்றது. சீட் நீளமாக இருந்தது. பின்னால் உட்காருபவருக்குப் பிடித்துக்கொள்ளத் தடிமனான கம்பி இருந்தது. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

அப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "யாரு ஓட்டப் போறது?" என்றார்.

"நான்தான்."

"நான் பின்னாடியா?"

"ஆமாம்பா. வேட்டியோட ஒரு பக்கமா உட்காரக் கூடாது. பேன்ட் போட்டுக்கணும். ரெண்டு பக்கமும் கால் போட்டு உட்காரணும். ஹெல்மெட்டும் போடணும்."

அவர் உள்ளே போனார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் பேன்ட் போட்டதில்லை. மறுநாள் காலை பழைய சாம்பல் நிறப் பேன்டை இஸ்திரி போட்டு, இடுப்பு தளர்ந்து போனதால் பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டு இறுக்கிக்கொண்டு, வாசலில் நின்றார். ஹெல்மெட்டின் வாரை எப்படி மாட்டுவது என்று தெரியாமல் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டிருந்தார். அவிழ்த்துச் சரியாக மாட்டிவிட்டேன். குழந்தைக்குச் செய்வதுபோல் இருந்தது. இருவருமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

முதல் நாள் பயணம் மோசம். நான் வலப்பக்கம் திரும்ப வண்டியைச் சாய்த்தால் அவர் பயந்து இடப்பக்கம் சாய்ந்தார். பசுமைவழிச் சாலைத் திருப்பத்தில் வண்டி நேராகவே போய் ஒரு மாநகரப் பேருந்தின் பின்பக்கத்தை முத்தமிடப் பார்த்தது. ஓரமாக நிறுத்தினேன்.

"அப்பா, நான் எந்தப் பக்கம் சாயறேனோ அந்தப் பக்கம் நீங்களும் சாயணும். எதிர்ப்பக்கம் சாய்ஞ்சா வண்டி திரும்பாது."

"விழுந்துடுவோம்னு தோணுதே, பாப்பா."

"என் தோளைப் பார்த்துக்கிட்டே வாங்க. வேற எதையும் பார்க்காதீங்க."

அப்படித்தான் வந்தார். திரு.வி.க. பாலத்தில் ஆற்று நாற்றமும் காற்றும் ஒன்றாக முகத்தில் அடித்தபோது பின்னால் அவர் ஏதோ சொன்னார். காதில் விழவில்லை.

இல்லத்தில் அம்மா சக்கர நாற்காலியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். அப்பா அப்படியே உள்ளே போனார். பேன்ட், உள்ளே செருகிய சட்டை, தலையில் கறுப்பு ஹெல்மெட். அம்மா முதலில் யாரோ என்று பார்த்தார். அப்பா ஹெல்மெட்டைக் கழற்ற முயன்றார், வார் வரவில்லை, "பாப்பா, இதைக் கழட்டு" என்று இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டு தவித்தார். அம்மாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. வலி என்று நினைத்துப் பதறிப்போய்ப் பக்கத்தில் ஓடினேன். சிரிப்பு. பாதி முகம் அசையாமல் இருக்க, மறுபாதி மட்டும் சிரித்தது. நோயில் விழுந்த பிறகு அம்மா சிரித்து அன்றுதான் பார்த்தோம். செவிலிப் பெண் வந்து எட்டிப் பார்த்தார். அப்பா அதற்குப் பிறகு அவசரப்படவில்லை. ஹெல்மெட்டோடு அம்மா எதிரில் உட்கார்ந்து, "எப்படி இருக்கேன்?" என்றார்.

வண்டியின் குணம் ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் ஓட ஓட அதிர்ந்தது. அதிர்வில் ஒவ்வொன்றாகக் கழன்றது. முதலில் கண்ணாடி. பிறகு நம்பர் பலகையின் ஒரு பக்கம். கோட்டூர்புரத்தில் சைலன்சரைத் தாங்கும் போல்ட் விழுந்து, வண்டி லாரிபோல் முழங்கியது. ஷோரூமுக்குப் போனால் ஷட்டர் இறங்கியிருந்தது. காவலாளிக்கும் ஒன்றும் தெரியவில்லை.

சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு மெக்கானிக் எந்த வண்டியையும் பார்ப்பார் என்று ஸ்டூடியோவில் ஒருவர் சொன்னார். கூவத்தை ஒட்டிய சந்தில், இரண்டு ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு கடை. என் வயதுதான் இருக்கும் அவருக்கு. போனில் மனைவியிடம் உருதுவில் பேசிக்கொண்டே வண்டியைப் பார்த்தவர் போனை வைத்தார்.

"இன்னா மேடம், சைனா வண்டியா? வித்தவனே கடையைச் சாத்தினு பூட்டான். என்கிட்ட கொண்டாந்தா நான் இன்னா பண்ணுவேன்?"

"எஞ்சின் நல்லாத்தான் இருக்கு..."

"எஞ்சினைக் குத்தம் சொல்லலியே. எஞ்சின் சூப்பரா கீது. சுத்தி கீற போல்ட்டெல்லாம் வெண்ணெய். ஒரு இறுக்கு இறுக்கினா மரை போயிடும்." பெட்ரோல் டியூபை விரலால் மடக்கிக் காட்டினார். மடங்கிய இடத்தில் மயிரிழை மயிரிழையாக வெடித்திருந்தது. "இதை மொதல்ல மாத்துங்க. அப்பால ஆயில். எத்தினி கிலோமீட்டர் ஓடிச்சு?"

"முந்நூறு."

ஆயிலை வடித்து ஒரு தட்டில் பிடித்து வெயிலில் காட்டினார். கரும் எண்ணெயில் ஜிகினாத் தூள் போட்டதுபோல் மின்னியது. உள்ளே புது இரும்புகள் ஒன்றோடொன்று உரசிப் பழகும்போது உதிர்ந்த தூள். புது வண்டிக்கு முதல் ஆயிலைச் சீக்கிரம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் இந்தத் தூளே எஞ்சினைத் தின்றுவிடும் என்றார். எந்தப் பாகம் தேய்ந்தாலும் பயப்பட வேண்டாம், புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் நம்மூர் வண்டிப் பாகம் ஏதாவது ஒன்று இதற்குப் பொருந்தும் என்றும் சொன்னார். கடைசியாக முன் டயரை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"இது ரப்பர் இல்ல மேடம். பிளாஸ்டிக். மழை வந்தா வழுக்கினு பூடும். ரெண்டு டயரும் மாத்திடுங்க."

அடுத்த மாதம் மாற்றுகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வண்டியோடு வந்த கையேட்டைக் கேட்டார். அப்பா ஓர் அச்சகத்தில் முப்பத்திரண்டு வருடம் புரூஃப் பார்த்தவர். அந்த ஆங்கிலக் கையேட்டை யாரோ சீன மொழியிலிருந்து அகராதியை வைத்துக்கொண்டு மொழிபெயர்த்திருக்க வேண்டும். முதல் பக்கத்திலேயே அப்பா சிவப்புப் பேனாவைத் திறந்துவிட்டார். 'இன்ஸ்பெக்ட்' என்று இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் 'ரெஸ்பெக்ட்' என்று இருந்தது. புறப்படுமுன் எல்லா நட்டுகளுக்கும் மரியாதை செய்க, பிரேக்குக்கு வாரம் ஒருமுறை மரியாதை செய்க. அப்பா வாய்விட்டுப் படித்துச் சிரித்தார். அதையும் திருத்தினார். மூன்று நாள் இல்லத்தில் அம்மா தூங்கும் நேரத்தில் உட்கார்ந்து எழுபது பக்கத்தையும் திருத்தி முடித்தார். யாருக்காகத் திருத்துகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் பிழை திருத்துபவர் எழுத்து எழுத்தாகப் படித்தாக வேண்டும். முடிக்கும்போது வண்டியைப் பற்றி என்னைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருந்தது.

நாலாவது நாள் காலை ஆறரை மணிக்குக் கீழே பார்க்கிங்கில் ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தார். என்னுடைய சிவப்பு நெயில் பாலிஷ் கையில் இருந்தது.

"அப்பா! அது என்னோடது."

"நீ போட்டு நான் பார்த்ததே இல்லை. இங்க பாரு."

ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கி, போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை ஒரு மெல்லிய கோடு இழுத்திருந்தார். போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் கோடு உடைந்து தெரியும். அச்சுப் பக்கத்தில் வரி நேராக இருக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பார்க்கும் கண் அது. அன்றிலிருந்து தினமும் காலையில் குனிந்து குனிந்து கோடுகளைப் பார்ப்பார். சங்கிலியை விரலால் மேலும் கீழும் அசைத்துத் தொய்வைப் பார்ப்பார். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளிப் பார்ப்பார். "எல்லாம் சரி, கிளம்பு" என்பார். எதிர் வீட்டுக்காரர் ஒருநாள், "சார் விமானத்தையே அனுப்புவார் போலிருக்கே" என்றார். அப்பாவுக்கு அது பிடித்திருந்தது.

ஒருநாள் அதிகமாக இறுக்கி ஆயில் வடிக்கும் போல்ட்டின் மரையைப் போக்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு தொடரின் ஒலிப்பதிவு. கத்திவிட்டேன். "யார் உங்களை இதைத் தொடச் சொன்னாங்க?" ஆட்டோ பிடித்து அவரே அடையாற்றுக்குப் போனார். மாலை போல்ட்டைச் சரிசெய்துகொண்டு நான் வண்டியில் போனபோது ஒன்றும் நடக்காததுபோல் ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டார்.

ஐப்பசி மழை தொடங்கியது. டயரை நான் மாற்றவில்லை. வேலை மேல் வேலை, அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு என்று தள்ளிக்கொண்டே போனேன். மெட்ரோ வேலைக்காக மந்தைவெளிச் சாலைகளை எல்லாம் தோண்டிப் போட்டு, பள்ளங்களின் மேல் இரும்புத் தகடுகளை வைத்து மூடியிருந்தார்கள். அன்று காலை தூறல். மெதுவாகத்தான் போனேன். தகட்டின் மேல் முன் சக்கரம் ஏறிய நேரத்தில் குறுக்கே ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. முன் பிரேக்கைத் தொட்டேன். தொட்டதுதான் தெரியும். சக்கரம் பக்கவாட்டில் ஓடிவிட்டது. இரண்டு பேரும் ரோட்டில் கிடந்தோம்.

அப்பாவின் ஹெல்மெட் தகட்டில் மோதிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கும். எவர்சில்வர் குடம் தரையில் விழுந்ததுபோல் ஒரு சத்தம். எழுந்து அவரிடம் ஓடினேன். அவர் கண்ணைத் திறந்தார்.

"உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லப்பா. உங்களுக்கு?"

"பெட்ரோல் ஒழுகுது பாரு. குழாயை மூடு மொதல்ல."

நான் அழுதுகொண்டே பெட்ரோல் குழாயை மூடினேன். பூ விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாவும் இரண்டு ஆட்டோக்காரர்களும் ஓடி வந்து தூக்கினார்கள். அப்பாவுக்கு முழங்கை தோல் உரிந்திருந்தது. எனக்கு உள்ளங்கை. ஹெல்மெட்டின் பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். பூக்கார அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது தலையா இருந்தா இன்னாய்யா ஆயிருக்கும்?" என்று அப்பாவையே கேட்டார்.

பக்கத்து மருந்துக் கடை வாசலில் உட்கார வைத்தார்கள். நான் சொன்னேன். "அப்பா, அந்த மெக்கானிக் டயரை மாத்தச் சொல்லி ஒண்ணரை மாசம் ஆச்சு. நான்தான் மாத்தலை."

அப்பா முழங்கையை ஊதிக்கொண்டார். "எனக்கும் தெரியும். நீ வந்து சொன்னியே. தினம் குனிஞ்சு நட்டைப் பார்த்தேன், டயரைப் பத்தி ஒரு நாள் உனக்கு ஞாபகப்படுத்தலை. வண்டி செலவு வைக்குதுன்னு நீ நினைச்சுடுவியோன்னு பயம். நீ வித்துட்டா நான் எப்படிப் போறது?"

கடைக்குள் போய்ப் பஞ்சும் மருந்தும் வாங்கி வந்தேன்.

கட்டுப் போட்டுக்கொண்டு, வண்டியை அங்கேயே ஓரமாகப் பூட்டிவிட்டு, ஆட்டோவில் அடையாறு போனோம். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம். அப்பா சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டார். அம்மா அவரைப் பார்த்தார். வலது கையை நீட்டி அவருடைய முழங்கையை நேராகத் தொட்டார். மருந்து வாசனை காட்டிக் கொடுத்துவிட்டது. அப்பா முகம் சுளித்தார்.

"வி...ழுந்தியா?"

அப்பா தலையாட்டினார். இனி பொய் சொல்லிப் பயனில்லை என்று நான் எல்லாவற்றையும் சொன்னேன். மழை, தகடு, டயர், நான் தள்ளிப்போட்டது. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல் திரண்டு வர நேரம் ஆயிற்று. வந்தபோது இரண்டு சொற்களும் தெளிவாக வந்தன.

"மாத்திட்டு வா."

வண்டியை விற்றுவிடு என்று சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

மறுநாள் ஸ்டூடியோவுக்கு லீவு சொல்லிவிட்டு வண்டியை மெதுவாக உருட்டுவதுபோல் சிந்தாதிரிப்பேட்டைக்கு ஓட்டிப் போனேன். அப்பா பஸ்ஸில் வந்து சேர்ந்தார். மெக்கானிக் என் கையில் இருந்த கட்டைப் பார்த்தார், டயரைப் பார்த்தார். சொன்னேனே என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "டீ சாப்பிடுங்க நைனா" என்று அப்பாவுக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். இரண்டு டயரும், முன் பிரேக்கின் கட்டைகளும் புதிதாகப் போட்டார். சக்கரத்தை மாட்டும்போது அவர் கண்ணில் கோடுகள் பட்டன.

"இது யாரு போட்டது? கம்பெனி கோடா?"

"நான்தான்" என்றார் அப்பா.

"இன்னா பெயின்ட் நைனா?"

"பொண்ணோட நகப்பூச்சு."

அவர் சிரித்து ஓய்ந்த பிறகு ஒவ்வொரு கோடாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அடுத்த தடவை நாங்கள் போனபோது அவர் கடையில் நின்ற மூன்று வண்டிகளில் சிவப்புக் கோடு இருந்தது. டப்பாக்களுக்கு நடுவே ஒரு நெயில் பாலிஷ் சீசா. "வீட்டுக்காரி கேக்குது, யாருக்கு வாங்கினேன்னு. உங்களாலதான் சண்டை" என்று அப்பாவிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

புது டயர் வந்த பிறகும் பயம் ஒரு மாதம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெசன்ட் நகர்ப் பக்கம் வெறிச்சோடிய தெருவில் தனியாகப் போய், இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெதுவாகப் பிடித்துப் பிடித்துப் பழகினேன். இரும்புத் தகட்டின் மேல் பிரேக்கும் தொடக் கூடாது, ஆக்ஸிலேட்டரும் முறுக்கக் கூடாது, வளைக்கக் கூடாது, நேராகக் கடந்துபோய்விட வேண்டும் என்று உடம்புக்குப் புரிந்தது. அப்பா பின்னாலிருந்து என் தோளைப் பார்ப்பதை விட்டுவிட்டு ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தார். "தகடு" என்பார். "பஸ், வாலைப் பிடிக்காதே" என்பார். "நாய்" என்பார். நாற்பதுக்கு மேல் போனால் முதுகில் ஒரு தட்டு. எரிச்சலாக இருக்கும். இப்போது தனியாகத் தகட்டைக் கடக்கும்போது அந்தக் குரல் இல்லாமல் என்னவோபோல் இருக்கிறது.

தை மாதம் அம்மா வீட்டுக்கு வந்தார், காரில். நான்கு முனை ஊன்றுகோலைப் பிடித்து நடந்து வந்தார். பார்க்கிங்கில் இறங்கியவர் லிஃப்ட் பக்கம் திரும்பவில்லை. நீல வண்டியின் எதிரில் போய் நின்றார்.

"நா...னும்" என்றார்.

"உன்னால பிடிச்சுக்க முடியாதும்மா. இடது கை இன்னும் சரியாகலை. வேண்டாம்."

"நானும்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் கண்டிப்பாக முடியாது என்று தலையாட்டினேன். அம்மா முகம் இறுகிவிட்டது. அஞ்சு மாதம் இவர்கள் இரண்டு பேரும் ஜாலியாகச் சுற்றினார்கள் என்ற கோபம் அதில் அப்படியே தெரிந்தது. அப்பாதான் வழி கண்டுபிடித்தார். வண்டியை நடு ஸ்டாண்டில் நன்றாக ஏற்றி நிறுத்தினார். ஆட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான், பின்னால் எதிர் வீட்டுக்காரர். மூன்று பேருமாக அம்மாவைத் தூக்கிப் பின் சீட்டில் ஒருபக்கமாக உட்கார வைத்தோம். வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் இடுப்பை விடவில்லை. அப்பா நியூட்ரலில் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு எஞ்சினைக் கிளப்பினார்.

வண்டி வழக்கம்போல் அதிர்ந்தது. அம்மாவின் உடம்பு முழுக்க அதிர்ந்தது. விளங்காத இடது கை மடியில் குதித்தது. அதைப் பார்த்து அம்மா சிரித்தார். இந்த முறை சிரிப்பு முகத்தின் மறுபக்கத்துக்கும் கொஞ்சம் போயிருந்தது.

"போ... போ" என்றார்.

அப்பா ஹெல்மெட் இல்லாமல், வேட்டியில், வண்டியின் பக்கத்தில் நின்றபடி ஆக்ஸிலேட்டரை லேசாக முறுக்கினார். "மந்தைவெளி தாண்டிட்டோம். பாலம் வருது" என்றார்.

வண்டி அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஓடியது. கியர்ப் பெட்டி போனபோது புதுப்பேட்டையிலும் எதுவும் பொருந்தவில்லை. மெக்கானிக்கே எடுத்துக்கொண்டார், பாகம் பாகமாகப் பயன்படும் என்று. நான் இப்போது ஸ்கூட்டரில் போகிறேன். அது அதிர்வதில்லை, எதுவும் கழல்வதில்லை. அப்பா போன வருடம் தவறிவிட்டார், தூக்கத்தில், யாருக்கும் கஷ்டம் கொடுக்காமல். அம்மா தனியாகவே கைக்கோலோடு மொட்டை மாடி வரை நடக்கிறார். சில சாயங்காலங்களில் இரண்டு பேரும் மாடியில் உட்கார்ந்திருப்போம். கீழே ரோட்டில் ஏதாவது ஒரு மோட்டார் சைக்கிள் சத்தமாகப் போகும். அம்மா பேச்சை நிறுத்திவிட்டு அது தெருமுனை திரும்பும் வரை கேட்டுக்கொண்டிருப்பார். நானும் கேட்டுக்கொண்டிருப்பேன்.